தன் ஓலையைத் தானே வாசித்தவர்

என் அக்கா புருஷன் ஞானராஜ் உபதேசியாருக்கு ஆட்டுக்கறி என்றால் உயிர். இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னால் கோபம் வந்துவிடும். அவருக்கென்று எந்த ஆசையும் கிடையாதாம். எல்லாம் கர்த்தர் நடத்துகிறபடி நடப்பதாம். செம்பட்டி சபையில் எந்த வீட்டு அடுப்பில் கறி வேகிறதோ, அந்த வீட்டில் போய் ஜெபம் பண்ணும்படி கர்த்தர் அன்று சாயங்காலம் அவரை உணர்த்துவார். கூழ் குடிக்கிற வீட்டுக்குப் போகச் சொல்லிக் கர்த்தர் அவரிடம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. என் அக்கா கனகமணி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது, பற்றிக்கொண்டுதான் வரும்.

அக்காவிடம் ஒரு தையல் மிஷின் இருந்தது. கல்யாணத்துக்கு எங்கள் அப்பா வாங்கிக் கொடுத்தது. ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கையும் பிள்ளைகளுக்குக் கவுனும் தைத்துத்தான் அவள் குடும்பத்தை ஓட்டினாள். ஒரு நாள் உபதேசியார் முழங்காலில் இருந்து எழுந்து, ஊழியத்துக்குச் சைக்கிள் வேண்டும் என்று கர்த்தர் தம் உள்ளத்தில் ஒரு பாரத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். மறுவாரம் மிஷின் வத்தலக்குண்டு வியாபாரியின் வண்டியில் ஏறிப் போயிற்று. வாசலில் சைக்கிள் நின்றது. "பாரத்த வச்சது அவரு உள்ளத்துல, எறக்குனது என் தலையில" என்றாள் அக்கா. அந்தச் சைக்கிளில் அவர் எந்தெந்த ஊழியத்துக்குப் போனார் என்று எனக்குத் தெரியாது. செம்பட்டி முக்கு டீக்கடை வாசலில் அது சாய்ந்து நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவருக்கென்று ஒரு வசனம் உண்டு. நமக்குள்ளே விருப்பத்தை வைக்கிறவரும், அந்த விருப்பத்தின்படி செய்ய வைக்கிறவரும் கடவுளே என்கிற வசனம். வசனத்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை எழுதிய மகான் சிறைக் காவலில் இருந்துகொண்டு எழுதினாராம். அந்த நிலைமையில் இருக்கிறவர் சொன்னால் கேட்கலாம். ஏப்பம் விட்டுக்கொண்டே சொல்கிறவரிடம் எப்படிக் கேட்பது?

என் பெயர் பாக்கியம். செம்பட்டி மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தது ஐம்பத்தாறில். அடுத்த வருஷம் மாசி மாதத்தில் கர்த்தர் மறுபடியும் உபதேசியாரை நடத்த ஆரம்பித்தார். இந்தத் தடவை அவர் கொண்டுபோய் விட்ட இடம் பொன்னுத்துரை அண்ணன் வீடு.

பொன்னுத்துரை அண்ணன் கடலை விவசாயி. வஞ்சகம் தெரியாத மனுஷர். ஒரு வருஷம் கோயிலுக்கு விளைச்சல் காணிக்கை கொண்டுபோகாமல் விட்டார். அந்தக் கோடையில் அவர் கிணறு வற்றிவிட்டது. அக்கம்பக்கத்துக் கிணறெல்லாமும்தான் வற்றியது. ஆனால் அன்றிலிருந்து சொந்தப் புத்தியில் ஒரு காரியம் முடிவு பண்ண அவருக்குப் பயம். கடலை பிடுங்குவது முதல் கன்றுக்குட்டி விற்பது வரை, "ஐயா, கர்த்தர் என்ன சொல்றாரு?" என்று உபதேசியாரிடம்தான் வந்து நிற்பார். கர்த்தரும் உடனுக்குடன் சொல்லிவிடுவார்.

அன்று அவர் வீட்டில் கோழி அடித்திருந்தார்கள். ஜெபக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, சோறும் முடிந்த பிறகு உபதேசியார் கையைத் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"பொன்னுத்துரை, நான் ரொம்ப நாளா ஜெபத்துல போராடிக்கிட்டு இருக்கேன். மறுவிவாகத்துல எனக்குக் கொஞ்சங்கூட இஷ்டமில்ல. ஆனா கர்த்தர் விட மாட்டேங்கிறாரு. முழங்கால் போட்டா ஒரே பேரத்தான் காட்டுறாரு."

"யாரு பேருங்கய்யா?"

உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். "நம்ம மார்த்தாள்."

மார்த்தாள் அண்ணனின் மூத்த மகள். வயது பத்தொன்பது. உபதேசியாருக்கு நாற்பத்தைந்துக்குக் குறையாது. அந்தப் பெண்ணுக்குத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் நர்சு டிரெயினிங்குக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூன் மாதம் போய்ச் சேர வேண்டும். வெள்ளைச் சேலை இரண்டு வாங்கி, நீலம் போட்டு வெளுத்துப் பெட்டியில் வைத்திருந்தாள். இந்தக் கல்யாணம் நடந்தால் அந்தப் பெட்டி உபதேசியார் வீட்டுப் பரண்மேல் ஏறிவிடும், அவள் அவருக்குக் கறி தேடி வைக்க வேண்டியதுதான். தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தவள் அதைக் கீழே வைத்தாள்.

"ஐயா, நான் நர்சு டிரெயினிங் போறேன்" என்றாள்.

"அது உன் ஆசை, மார்த்தாள்."

"அப்ப இது?"

"இது தேவசித்தம்."

"எனக்கு வேணாம்னு தோணுதே. அத யாரு எனக்குள்ள உண்டாக்குனது?"

"அது மாம்சம்."

"உங்களுக்கு வேணும்னு தோணுறது?"

"அது ஆவியானவர் தர்ற ஏவுதல்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன அத்தான், ஆவியும் மாம்சமும் ஆள் பாத்துத்தான் எறங்குமோ?" என்றேன்.

உபதேசியார் என்னை இரக்கமாகப் பார்த்தார். "பாக்கியம், அக்கா இருந்த எடத்துல இன்னொருத்தி வரப்போறான்னா ஒனக்கு மனக்கஷ்டமாத்தான் இருக்கும். ஒனக்காகவும் ஜெபிக்கிறேன்" என்றார். 'உனக்காக ஜெபிக்கிறேன்' என்றால் எங்கள் சபையில் 'வாயை மூடு' என்று அர்த்தம். மரியாதையான ஊர்.

பொன்னுத்துரை அண்ணன் தம் மகள் முகத்தைப் பார்த்தார், உபதேசியார் முகத்தைப் பார்த்தார், கடைசியில் கூரையைப் பார்த்தார். உபதேசியாருக்கு அது போதுமானதாக இருந்தது. எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, உரத்த குரலில் ஜெபம் பண்ணினார்: "ஆண்டவரே, இது உம்முடைய சித்தமில்லையானால் ஏதாவது ஒரு தடையை எழுப்பும். தடை எழுந்தால் அடியேன் அப்படியே விட்டுவிடுவேன்." தடை எழுப்ப அந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கர்த்தருக்கு இந்தச் சவுகரியத்தைப் பண்ணிக் கொடுத்தார்.

ஆனால் தடைகள் வந்தன. அந்த வாரமே அண்ணனின் உழவு மாடு ஒன்று செத்தது. இதுதான் தடையோ என்று நடுங்கிக்கொண்டு போய்க் கேட்டார். நல்ல காரியத்துக்கு முன்னால் சாத்தான் இப்படித்தான் வேலை செய்வான் என்றார் உபதேசியார். மறுவாரம் கோடை மழை பெய்தது. அது கர்த்தருடைய சம்மதம்; அண்ணனும் சரி என்று தலையாட்டிவிட்டார். நிச்சயத்துக்குச் சேலை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டிலிருந்து வருகிற வழியில் சைக்கிள் சங்கிலி அறுந்தது, அது சாத்தான். ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார்; அது கர்த்தர். மார்த்தாள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தாள்; சாத்தான். பசி பொறுக்காமல் எழுந்து பழைய சோறு குடித்தாள், கர்த்தர். சாத்தானும் கர்த்தரும் இவர் ஒருவருக்காக இப்படி மாறிமாறி மாரடித்தால் உலகத்தில் மற்ற வேலையை யார் பார்ப்பது என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

நான் பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்குப் போய் ஐயரைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் போதகரைத்தான் ஐயர் என்போம். செம்பட்டி வேதக்கோயிலுக்கென்று தனி ஐயர் கிடையாது. அவர் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து இராப்போஜன அப்பமும் ரசமும் கொடுத்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். மற்ற ஞாயிறெல்லாம் ஆராதனை, பிரசங்கம், அறிவிப்பு எல்லாம் உபதேசியார்தான். நான் சொன்னதை எல்லாம் ஐயர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "தகப்பன் சம்மதம் சொல்லியாச்சு. பொண்ணுக்கும் வயசு வந்தாச்சு. நான் நடுவுல புகுந்து என்னம்மா சொல்றது?" என்றார்.

"பொண்ணு வேணாங்குதுங்கய்யா."

"வேணாம்னா முறைப்படி சொல்லட்டும். ஓலை வாசிக்கிறப்ப சபையில கேப்பாங்கல்ல, அப்பச் சொல்லட்டும்."

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப் போகிறது, தடை ஏதாவது அறிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்று ஆராதனை நடுவில் கேட்பார்கள். ஒரு நிமிஷம் அமைதியாக இருக்கும். யாராவது இருமுவார்கள். பிறகு அடுத்த பாட்டு. அந்த ஓலையை வாசிக்கிறவர் உபதேசியார். உபதேசியாரே மாப்பிள்ளையாக இருந்தால் யார் வாசிப்பது என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. ஐயரும் யோசிக்கவில்லை. நானும் பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் யோசித்தேன்.

"நான் எந்திரிச்சுச் சொல்றேன்டி" என்றேன் மார்த்தாளிடம்.

"நீங்க சொன்னா, கொழுந்தியாளுக்குப் பொறாமைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாரு, டீச்சர். நானே சொல்றேன். ஆனா எனக்கு நெனச்சாலே பயமா இருக்கு."

அவள் பயப்பட்டது நியாயம். எங்கள் கோயிலில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம், பாய் விரித்து உட்காருவோம். இடது பக்கத்தில் இருந்து பாட்டுச் சத்தம் வரும், பிள்ளை அழுகிற சத்தம் வரும். ஒரு பெண் எழுந்து பேசிய சத்தம் மட்டும் வந்ததில்லை.

முதல் ஞாயிறு. உபதேசியார் வெள்ளை ஜிப்பாவைச் சலவை போட்டு உடுத்தி, ஓலையை எடுத்தார். தம் பெயரைப் படிக்கும்போது யாரோ ஒரு பெரிய மனுஷருடைய பெயரைப் படிப்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் யாராவது உண்டா?" என்று கேட்டு, ஆண்கள் பக்கத்தை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பெண்கள் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. மார்த்தாள் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவளால் எழ முடியவில்லை.

இரண்டாம் ஞாயிறு எழுந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். உபதேசியார் கேள்வியை முடிப்பதற்குள் எழுந்து நின்றாள். "ஐயா" என்று ஆரம்பித்தாள். உபதேசியார் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். உடனே இரண்டு கைகளையும் உயர்த்தி, "ஜெபம் பண்ணுவோமாக" என்றார்.

சபை முழுவதும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டது. ஜெபத்தின் நடுவில் பேசுவது எங்களில் பெரிய பாவம். எந்தப் பிள்ளையும் அதைக் கற்றுக்கொண்டுதான் வளரும். மார்த்தாள் அந்த 'ஐயா'வோடு நிறுத்திக்கொண்டாள். உபதேசியார் விதைக்காக ஜெபித்தார், மழைக்காக ஜெபித்தார், வியாதிக்காரர்களைப் பெயர் சொல்லி ஜெபித்தார். அவள் அம்மா கண்ணைத் திறக்காமலே முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மார்த்தாள் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த சத்தம் கேட்டதும் உபதேசியார் ஆமென் சொன்னார். இவ்வளவு கேடுகெட்ட காரியத்துக்கு ஜெபத்தைக் கருவியாக்குகிறவன் எனக்கு அக்கா புருஷனாக வாய்த்தானே என்று அன்று எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

பொன்னுத்துரை அண்ணன் எதையும் பார்க்கவில்லை. அவர் உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணுகிறவர்.

மூன்றாம் ஞாயிறு ஐயர் வந்திருந்தார். இராப்போஜன ஞாயிறு. கோயிலை ஒட்டிய பொன்னுத்துரை அண்ணன் வீட்டில் அவருக்காக ஆடே அறுத்திருந்தார்கள். மசாலா மணம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அறிவிப்பு நேரம் வந்ததும் ஐயர் தம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வழக்கப்படி உபதேசியாரைப் பார்த்துத் தலையை அசைத்தார். உபதேசியார் எழுந்து தம் ஓலையை மூன்றாம் தடவை வாசித்தார். "தடை அறிந்தவர்கள்" என்றதுமே மார்த்தாள் எழுந்துவிட்டாள்.

"ஜெபம் பண்ணுவோமாக" என்றார் உபதேசியார்.

எல்லாரும் குனிந்தார்கள். ஐயரும் கண்ணை மூடினார். நான் மூடவில்லை. மார்த்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா முந்தானையை இழுத்தாள். இவள் அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

உபதேசியார் சபைக்காக ஜெபித்தார். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அவள் நின்றாள். மாகாணத்துக்காக ஜெபித்தார். நின்றாள். தேசத்துக்காக, பிரதம மந்திரிக்காக, தூர தேசத்து மிஷனெரிகளுக்காக, கப்பலில் பயணம் செய்கிறவர்களுக்காக ஜெபித்தார். செம்பட்டியில் கப்பல் பார்த்த ஆள் ஒருவரும் கிடையாது. கழுத்தில் வேர்வை ஓடியது. சொல்ல ஒன்றும் கிடைக்காமல் விதையையும் மழையையும் மறுபடி எடுத்தார். "மீண்டுமாய் ஜெபிக்கிறோம் ஆண்டவரே" என்றபோது, ஐயர் தொண்டையைக் கனைத்தார். பசி நேரம். உபதேசியார் நிறுத்தவில்லை. ஐயரே உரத்து "ஆமென்" என்று சொல்லிவிட்டார். சபையும் நிம்மதியாக ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தது.

மார்த்தாள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா?" என்றார் ஐயர்.

"எனக்குத் தடை இருக்குங்கய்யா."

"என்ன தடை?"

"எனக்கு இவரக் கட்டிக்க இஷ்டமில்ல."

ஆண்கள் பக்கம் சலசலத்தது. உபதேசியார் கையில் ஓலையோடு முன்னால் வந்தார். "ஐயரவர்களே, தடைன்னா அது முன்விவாகம், இல்லாட்டி நெருங்கின உறவு. மணப்பொண்ணே எந்திரிச்சுத் தடை சொல்ல எடமில்ல. இது சாத்தானுடைய கிரியை" என்றார்.

ஐயர் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. சாப்பாட்டுக்கு நேரமானவர். முறைமைகளை எல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஞானராஜ், நாளைக்கு நான் இதே பொண்ணுகிட்ட 'சம்மதமா'ன்னு கேக்கணும். அப்ப இல்லன்னு சொன்னா நான் என்ன பண்ணட்டும்? அப்பவும் ஜெபம் பண்ணுவீரா?" என்றார். பிள்ளைகள் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. பெரியவர்களும் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். உபதேசியார் ஓலையை மடித்து ஜிப்பாப் பையில் வைத்தார். "கர்த்தர் என்னைச் சோதிக்கிறார்" என்றார். அதற்குள்ளும் கர்த்தரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் பாருங்கள், அந்த மனுஷனைத் திருத்த முடியுமா?

ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லாரும் மார்த்தாளைச் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு ஞாயிறு தலையைக் குனிந்திருந்த அதே ஆட்கள்தான்.

"கர்த்தர்தான் ஒன்னைய எழுப்பி விட்டாரு, மார்த்தாள்" என்றாள் ஒருத்தி.

"ஆவியானவரு ஒன் வாயில பேசுனாரு" என்றாள் இன்னொருத்தி.

ஐயர்கூட அவள் தலையில் கை வைத்து, "தேவன் ஒனக்குத் தைரியத்தக் கொடுத்தாரும்மா" என்றார்.

மார்த்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தைரியமெல்லாம் ஒண்ணும் வரலைங்கய்யா. பயந்து செத்தேன். நானாத்தான் எந்திரிச்சேன். இதுலயும் அவரு பேரப் போடாதீங்க" என்றாள். ஐயர் கையை எடுத்துக்கொண்டார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஒரு வேளை அந்த வசனத்தை எழுதியவர் சொன்னதும் இந்த மாதிரி விருப்பத்தைத்தானோ என்று தோன்றியது. தோன்றியதை வெளியே சொல்லவில்லை. சொன்னால் எனக்கும் அந்தக் கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

பொன்னுத்துரை அண்ணன் மட்டும் தள்ளி, சுவரோரமாக நின்றார். துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் சாப்பாட்டுப் பந்திக்கு நகர்ந்த பிறகு மகளிடம் வந்தார். முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"ஏத்தா, உண்மையச் சொல்லு. கர்த்தர் ஒங்கிட்ட என்னதான் சொன்னாரு?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலப்பா. எனக்கு அவரப் பிடிக்கல. நர்சுக்குப் படிக்கணும். அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா?" அண்ணனுக்கு நம்ப முடியவில்லை. "அத நீ எங்கிட்டயே சொல்லியிருந்தா இம்புட்டு தூரம் வந்திருக்குமா, ஆத்தா?"

மார்த்தாள் அவர் கையில் இருந்த துண்டை வாங்கி முறுக்கைப் பிரித்தாள்.

"சொன்னேனேப்பா" என்றாள். "அழுது அழுது சொன்னேன். நீங்க கண்ண மூடி ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தீங்க."